பயறு விளைந்த ஊரைப் பயறு தின்ன வைத்தவர்களுக்கு

பர்மாவில் பெகுப் பக்கத்திலிருந்து தமிழ்ப் பெண்களின் வணக்கம்.

இந்த மடலைப் போன தை மாசமே எழுதியிருக்க வேண்டும். அறுப்பு வந்தது, பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தது, கோயிலில் தீமிதி வந்தது, தள்ளிப் போய்விட்டது. மாதர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள் நான். யாருக்கு என்ன பாக்கி என்று உனக்குத்தானே தெரியும், நீயே எழுது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால் இது ஒரு கடன் கணக்கு மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி சொல்வதற்கு முன்னால் வெட்கப்பட வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பயறு விளைவித்தோம், தின்றதில்லை. 1988க்குப் பிறகு பயறு வியாபாரம் திறந்துவிடப்பட்டதிலிருந்து, நெல் அறுத்த கையோடு கார்த்திகை ஈரத்தில் உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பது இந்தப் பக்கம் வழக்கமாகிவிட்டது. மாசியில் அறுத்தால் மூட்டை ரங்கூன் போகும், அங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறும். சென்னையில் ஆவி பறக்கிற இட்லியில் நம்ம ஊர் உளுந்தும் இருக்கு என்று எங்கள் மாமனார் பெருமையடிப்பார். எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லோ பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் கழுவப்படும்.

2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கு வருஷத்துக்கு 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு வைத்தது. அங்கே விளைச்சல் குவிந்து அவர்கள் உழவர்களுக்கே விலை இல்லை. தன் பிள்ளையைத்தான் தாய் முதலில் பார்ப்பாள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் இங்கே விலை விழுந்தது. மூட்டைகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. அப்போதாவது வேக வைத்துத் தின்றோமா? இல்லை. விலை ஏறட்டும் என்று காத்திருந்தோம். கடைசியில் பயற்றை வண்டுதான் தின்றது.

அடுத்த வருஷம்தான் யேசின் என்கிற ஊரிலிருந்து ஒரு சயாமா வந்தார் (பர்மியத்தில் சயாமா என்றால் ஆசிரியை, ஆண் என்றால் சயா). அங்கே இருக்கிற வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆராய்ச்சித் துறைக்கு வேலை செய்த சின்னப் பெண். விதையைப் பற்றிப் பேசுவார் என்று நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்தால், அவர் ஒவ்வொருத்தியாகக் கேட்டது ஒரே கேள்வி: நேற்று கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீர்கள்? உணவைப் பத்து வகையாகப் பிரித்து வைத்திருந்தார். பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண் ஒரு நாளில் அதில் ஐந்து வகையையாவது தொட்டிருக்க வேண்டும். எங்களில் பாதிப் பேர் மூன்றில் நின்றோம். சோறு, கத்தரிக்காய், ஏதோ ஒரு கீரை. ஙப்பி (மீன், இறால் அரைத்துப் புளிக்க வைத்த விழுது) சேராது, துளியூண்டு தொட்டுக்கொள்வதைக் கணக்கில் எடுப்பதில்லை என்றார். எங்கள் பெரியம்மா விடவில்லை. ஙப்பி இல்லாமல் சோறு தொண்டையில் இறங்குமா, அதைச் சேர்க்காமல் என்ன கணக்கு இது என்று அரை மணி நேரம் சண்டை. சயாமா சிரித்துக்கொண்டே கேட்டார், ஆனால் சேர்க்கவில்லை.

கிளம்பும்போது திண்ணை ஓரத்து மூட்டைகளைப் பார்த்து, இது என்ன என்றார். பயறு, விற்கிறதுக்கு என்றேன். ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சயாமா, உங்களுக்கு முதல் நன்றி, அந்த ஒன்றும் சொல்லாததற்கு.

விதைக்கு வருகிறேன். பாசிப்பயற்றில் எங்களுக்குப் பெரிய எமன் மஞ்சள் தேமல் என்கிற வைரஸ் நோய். வெள்ளை ஈ ஒரு செடியில் உறிஞ்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். இலை மஞ்சளடித்துவிட்டால் பிறகு என்ன மருந்து அடித்தும் பயனில்லை. நோயை எதிர்த்து நிற்கிற விதைதான் மருந்து. அப்படி ஒரு விதையை ஒரு ஊரோ ஒரு நாடோ தனியாகத் தேட முடியாது என்று சயாமா சொன்ன பிறகுதான் புரிந்தது. தைவானில் இருக்கிற உலகக் காய்கறி மையத்தில் ஆயிரக்கணக்கான பாசிப்பயறு விதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதை 1,481 ஆகச் சலித்து, அதையும் 296 ஆகச் சலித்து, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பங்கிட்டார்கள். நாம் அரிசியில் கல் பொறுக்குவது போல என்று நினைத்தேன், இவர்களோ எதையும் எறியாமல் பொறுக்கியிருக்கிறார்கள். 2016இல் இந்தியா, வங்காளதேசம், மியன்மர், ஆஸ்திரேலியா என்று நான்கு நாட்டுக்காரர்கள் அந்த மையத்தோடு கைகோத்துப் பாசிப்பயற்றுக்கென்றே ஒரு கூட்டு அமைத்தார்கள். பணம் கொடுத்தது சர்வதேச வேளாண் ஆராய்ச்சிக்கான ஆஸ்திரேலிய மையம். எங்கள் யேசின் சயாக்களும் அந்தக் கூட்டில் இருப்பவர்கள். முகம் தெரியாத உங்கள் எல்லோருக்கும் பெகுப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களின் கும்பிடு.

யேசின் சயாக்கள் மூன்று இரகம் கொண்டுவந்து எங்கள் வயலில் பக்கம் பக்கமாக விதைத்தார்கள். எது நல்லது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆளுக்கொரு ரிப்பனைக் கொடுத்து, பிடித்த பாத்தியில் கட்டுங்கள் என்றார்கள். ஆம்பிளைகள் மணி பெரிதாக இருந்ததில் கட்டினார்கள். நாங்கள் காய் ஒன்றாகப் பழுத்ததில் கட்டினோம். வெயிலில் குனிந்து மூன்று தரம், நான்கு தரம் காய் பறிக்கிறவள் யார் என்று யாராவது கேட்டார்களா இதற்கு முன்னால்? ரிப்பனை எண்ணியபோது எங்கள் பாத்திதான் ஜெயித்தது. இதை ஏன் இத்தனை விரிவாக எழுதுகிறேன் என்றால், ஜெயித்ததை இன்னும் எங்களால் மறக்க முடியவில்லை.

கறுப்புத் தூள் கதையும் உண்டு. பயற்று வேரில் முடிச்சு கட்டி, காற்றில் இருக்கிற சத்தை மண்ணுக்கு இறக்குகிற நுண்ணுயிர் அந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. ஆறிய கஞ்சியில் கரைத்து விதையில் பிசறி நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். சயாமா பர்மியத்தில் சொன்னதைக் கோயில் தமிழ் வகுப்புத் தம்பிதான் பெரியவர்களுக்குத் தமிழில் சொன்னான். நைட்ரஜன் என்றால் யாருக்கும் விளங்கவில்லை. காற்றில் கலந்திருக்கிற யூரியா என்றான், விளங்கிவிட்டது. நிழல் என்று சொன்னதை மட்டும் நாங்கள் காதில் வாங்கவில்லை. முதல் வருஷம் முற்றத்து வெயிலில் பரப்பி, உயிரைக் கொன்று விதைத்தோம். வேரில் ஒரு முடிச்சும் இல்லை. இரண்டாம் வருஷம் பிடுங்கிப் பார்த்து முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே ரோஜாச் சிவப்பு. அது வேலை செய்கிற முடிச்சாம். தம்பி, உனக்கும் நன்றி. உன் சம்பளத்தைச் சங்கம் இன்னும் பேசி முடிக்கவில்லை, அதுவும் என் நோட்டில் இருக்கிறது.

இந்த நாட்டில் இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்களைச் சீண்ட ‘கலா’ என்பார்கள். கொண்டைக்கடலைக்குப் பர்மியப் பெயரே ‘கலாபே’தான். ஹைதராபாத் பக்கம் பட்டாஞ்சேருவில், இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஒரு கொண்டைக்கடலை இங்கே வந்து 2000இல் ‘யேசின் 3’ ஆகிவிட்டது. கடலை மாவைக் கரைத்து ஊற்றாமல் மொஹிங்கா, அந்தப் பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ், கெட்டியாகுமா? பெயரை வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

நர்ஸம்மாவுக்கு ஒரு நன்றி. சோறு தின்ற கையோடு டீ குடித்தால் பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரம் பொறுங்கள், பருப்பில் எலுமிச்சை பிழியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னவர் அவர்தான். டீயை ஒத்திப்போட ஆம்பிளைகளைச் சம்மதிக்க வைத்தது தனிப் போர், இங்கே வேண்டாம்.

வைக்கோலைக் கொளுத்திக்கொண்டிருந்த ஊர் இது. யேசினில் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்த நெல் உயிரிப் பூங்கா இருக்கிறது. நெல்லில் அரிசி போக மிஞ்சுகிற வைக்கோல், தவிடு, உமி எல்லாவற்றையும் காசாக்கிக் காட்டுகிற இடம். எங்கள் பெண்கள் இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மாட்டுக் கொட்டகை ஓரத்தில் வைக்கோல் காளான் போட்டார்கள். முதல் படுக்கை அழுகிவிட்டது. இரண்டாவதில் வந்த காளானை ஊர் முழுக்கப் பகிர்ந்து ஆளுக்கு ஒரு கரண்டி. கும்பகோணத்தில் பிறந்த அந்த ஐயா 2023இல் காலமானார் என்று கேட்டபோது கோயிலில் அவர் பெயரில் ஒரு விளக்கு ஏற்றினோம்.

கடைசிப் பக்கம் பெரிய கடன். 2024 செப்டம்பரில் யாகிப் புயலின் மிச்சம் இந்தப் பக்கம் கொட்டித் தீர்த்தபோது நெல்லும் போனது, தரையில் வைத்திருந்த விதைப் பயறும் முளைகட்டி நாறிப் போனது. எங்கள் பாட்டி காலத்தில் விதைப் பயற்றில் செம்மண்ணைப் பூசிப் பானையில் போட்டு உறியில் தொங்கவிடுவார்கள். நாங்கள் மூட்டையாகத் தரையில் போட்டிருந்தோம். கார்த்திகை வந்துவிட்டது, விதை இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பர்மியக் கிராமத்தில் அதே இரகத்தை எங்களிடம் வாங்கி விதைத்தவர்கள் இருந்தார்கள். கேட்கப் போகக் கூச்சம். அவர்களே படகில் ஆறு கூடை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வட்டி என்ன என்று கேட்டேன். தலைவரம்மா சிரித்துவிட்டு, அறுத்த பிறகு பருப்புக் குழம்பு ஊற்றுங்கள் என்றார்.

குழம்பு ஊற்றியாயிற்று. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வீசை பயறு விற்காத பானையில் நிற்கிறது. விதைப் பானை தனி, அது உறியில். ஆறு கூடையில் நான்கு கூடை திருப்பிவிட்டோம். இரண்டு பாக்கி. அம்மா, வருகிற மாசியில் படகு அனுப்புங்கள், அளந்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
பெகுப் பக்கத்து மாதர் சங்கப் பெண்கள் சார்பில்,
கணக்கு எழுதுகிறவள்