டோர்செற்ஷயருக்கு எந்தத் திகதி?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய டோர்செற்ஷயர் மாதிரிக் கப்பல் பெட்டி வந்து சேர்ந்தது. மூலை கொஞ்சம் நசுங்கியிருந்தது, உள்ளே எதுவும் உடையவில்லை. “எந்த ஆண்டில் இருந்த கப்பலாகக் கட்டப் போறீங்கள்?” என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

எச்.எம்.எஸ். டோர்செற்ஷயர் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் என்றால் எல்லோரும் பிஸ்மார்க் கதையைத்தான் சொல்வார்கள். 1941 மே 27, குற்றுயிராய்க் கிடந்த அந்த ஜேர்மன் போர்க்கப்பல் மீது கடைசி டோர்பிடோக்களை விட்டது இதுதான். தண்ணீரில் தத்தளித்தவர்களில் எண்பத்தைந்து பேர் வரை ஏற்றிய பிறகு நீர்மூழ்கி நிற்பதாகச் சந்தேகம் வந்தது. நூற்றுக்கணக்கானவர்களைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பியது. கப்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அந்த நாளை மேசையில் வைத்து அழகு பார்க்கவும் விருப்பமில்லை.

நான் எடுத்திருப்பது 1942 ஏப்ரல் 5. கொழும்பில் திருத்த வேலைக்காக நின்ற கப்பல், யப்பானியர் வருகிறார்கள் என்று தெரிந்ததும் வேலையைப் பாதியில் விட்டு முதல்நாள் இரவே கோர்ன்வோல் என்ற இன்னொரு பிரித்தானியப் போர்க்கப்பலுடன் புறப்பட்டது. அடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறு. மத்தியானம் தாண்டி, இலங்கைக்குத் தென்மேற்கே, ஐம்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்தன. டோர்செற்ஷயர் எட்டு நிமிடம் அளவில் தாண்டுபோனது. கோர்ன்வோலும் அதிக நேரம் நிற்கவில்லை. இரண்டிலுமாக 424 பேர் இறந்தார்கள். மிச்சம் 1,122 பேர் அடுத்த நாள் பின்னேரம் வரை, எண்ணெய் படிந்த தண்ணீரில், மேலே வெயிலுமாகக் கிடந்தார்கள்.

இவ்வளவு பெரிய கப்பல் எப்படி இவ்வளவு கெதியாகப் போனது என்பது புத்தகத்தில் வாசித்தபோது எனக்கு விளங்கவில்லை. உடலையும் மேற்கட்டையும் பசை போடாமல் பொருத்தி, கண் மட்டத்துக்குத் தூக்கி முன்பக்கத்தால் பார்த்தேன். கப்டன் நின்று கப்பலை நடத்தும் பாலத்தின் உயரமான கட்டடம் பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் மறைக்கிறது. விமான எதிர்ப்புப் பீரங்கிகளில் பெரும்பாலானவை நடுவிலும் பின்னாலும்தான். விமானங்கள் வந்ததோ நேர் முன்னாலிருந்து, வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு. எட்டு அங்குலப் பெரிய பீரங்கிகளை எழுபது பாகை வரை உயர்த்தலாம், விமானத்தையும் சுடலாம் என்றுதான் 1920களில் வடிவமைத்தார்கள். காகிதத்தில் நல்ல யோசனை. பாய்ந்து வருகிற விமானத்துக்கு முன்னால் அந்தக் கனமான கோபுரம் எந்த வேகத்தில் திரும்பும்!

இந்த மாதிரிக் கப்பலைச் செய்து விற்பது ஆவோஷிமா என்ற யப்பானியக் கம்பெனி என்பதை உன் அம்மாவிடம் சொன்னேன். “தாங்களே தாட்டுப்போட்டுத் தாங்களே விக்கிறாங்களோ?” என்றா.

எழுநூறில் ஒரு பங்கு என்பதால் 193 மீற்றர்க் கப்பல் இருபத்தேழரை சென்ரிமீற்றர் அளவுக்கு வந்துவிட்டது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை, தட்டையான அடி. எனக்கு அதுதான் பிடிப்பு, தாங்கி தேவையில்லை, மேசையே கடல். மூன்று புகைபோக்கிகளையும் சரிவு பிசகாமல் ஒட்டுவதில்தான் இந்த வகைக் கப்பலின் தோற்றமே இருக்கிறது. ஒன்று நிமிர்ந்தால் மற்ற இரண்டும் கேலி செய்யும். வோல்ரஸ் கடல்விமானம் இன்னும் சோதனை. இரண்டு சென்ரிமீற்றர் அகல இறக்கை, அதிலும் மேலே ஒன்று கீழே ஒன்று. கம்பிகளுக்கு மிச்சமான பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுதிரியில் வாட்டி நூலாய் இழுக்கிறேன். அம்மாவுக்கு மணம் பிடிக்காததால் இந்த வேலை முற்றத்தில்தான் நடக்கிறது.

அடுத்து ஹேர்மிஸ் செய்ய ஆசை. அது ஏப்ரல் 8 இரவு எங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்தே வெளிக்கிட்டு, அடுத்த நாள் மட்டக்களப்புக் கடலில் போன விமானந்தாங்கி. சரி, அது பிறகு.

இப்போதைக்கு இந்த அளவுக்கான பித்தளைக் கைப்பிடி வேலி ஒரு தகடு அனுப்பு, பிளாஸ்டிக்கில் அது வராது. டோர்செற்ஷயரைக் கட்டியது நீ இருக்கிற போர்ட்ஸ்மத்தில்தான். கப்பல்துறைப் பக்கம் போனால் நாலு படம் எடுத்து அனுப்பு, பழைய கட்டடங்கள் எனக்குப் போதும். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா