கண்ணாடிக் கீறலுக்குப் பற்பசை மருந்தல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

கார் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பற்பசை தேய், சரியாகிவிடும் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். தேய்த்த அன்றைக்குப் பளபளவென்றுதான் தெரியும், நன்றாகக் கழுவிப் பாருங்கள், கீறல் அப்படியே பல்லை இளிக்கும்.

முதலில் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டாமல் வழுக்கினால், சீரியம் ஆக்சைடு என்ற கண்ணாடி மெருகேற்றும் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பொறுமையாக மெருகேற்றினால் கீறல் பெரும்பாலும் மங்கிவிடும். நகம் சிக்கினால் விட்டுவிடுவதே மேல். ஏனென்றால் அந்தப் பள்ளம் மறைய, சுற்றியுள்ள கண்ணாடியையும் அதே ஆழத்துக்குத் தேய்த்தாக வேண்டும், அப்புறம் அந்த இடம் லென்ஸ் மாதிரி குழிந்து எதிரே வரும் வண்டியையே நெளிய வைத்துக் காட்டும். ஓட்டுபவர் பார்வை படும் இடத்தில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம், கண்ணாடியையே மாற்றிவிடுங்கள். மெருகேற்றும் மெஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறி விரிசலும் விடும்; தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கல் தெறித்த புள்ளிக்கு ரெசின் என்ற பிசினை ஊற்றுவது வேறு வேலை, அது கீறலுக்கு உதவாது.

இன்னொன்று: பக்கக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக நேர்கோடுகள் விழுந்தால், பெரும்பாலும் ஓரத்து ரப்பர் பட்டையில் சிக்கிய மணல்தான் காரணம். அதைத் துடைத்தெடுக்காமல் மெருகேற்றினால், கண்ணாடியை ஏற்றி இறக்கும்போதே மறுபடி கோடு விழும். உங்கள் பயனுள்ள குறிப்புகள் பகுதியிலாவது இதைப் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்