'மகேல' என்று எழுதிய குழந்தைக்காக

மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துக் கொடுப்பவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் என் மகளின் நோட்டுப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. அவள் தன் பெயரை எழுதியிருந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். அதன் கீழே, "பெயரை 20 முறை எழுதி வரவும்." அவளுக்கு நான்கரை வயது. அவளுடைய உண்மைப் பெயரைப் பொதுவில் எழுத எனக்கு விருப்பமில்லை. அதே வகைச் சிக்கல்கள் கொண்ட மேகலை என்ற பெயரைக் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

வட்டத்துக்குள் இருந்தது இதுதான். முதலில் ம. அதற்கு வலப்பக்கம் இரட்டைக்கொம்பு. பிறகு க, பிறகு ல. கடைசியில், பற்றிக்கொள்ள எழுத்தே இல்லாமல் ஓர் இணைக்கொம்பு. யார் பார்த்தாலும் 'மகேல' என்றுதான் படிப்பார்கள். தவறுதான், மறுக்கவில்லை.

அன்று மாலை திருத்தம் எதுவும் சொல்லாமல், மறுபடி ஒரு முறை எழுதச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ம்ம்ம்" என்று இழுத்தபடி ம போட்டாள். "ஏஏஏ" என்று இழுத்தபடி கொம்பு போட்டாள். 'க'வுக்கு இழுப்பு இல்லை, ஒரே வெட்டு. "ல்ல்ல்" என்று ல, "ஐஐ" என்று இணைக்கொம்பு. மறுபடியும் அதே மகேல.

நீங்கள் சிவப்பு வட்டம் போட்டது இந்தக் காதுக்கு. உயிர்மெய்யில் மெய் முதலில் ஒலிக்கும், உயிர் பின்னால் வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. அந்த வரிசையில்தான் அவள் எழுதினாள். காதில் பின்னால் விழுவதைத் தாளில் முன்னால் நிறுத்துவது நம் எழுத்தின் வழக்கம். அதை அவளுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. சொல்ல இரண்டு நிமிடம் போதும். "இந்தக் கொம்பு அவசரக்காரன், சத்தம் பின்னால் வந்தாலும் ஆள் முன்னால் வந்து நிற்பான்" என்றேன். சிரித்தாள். அடுத்த முறை 'மே' சரியாக வந்தது. 'லை' வரவில்லை, அவசரக்காரர்கள் இரண்டு பேர் என்பது அவளுக்கு அன்றைக்கு அதிகம்.

இருபது முறை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆறாவது ஏழாவது வரியிலேயே பெண் எழுதுவதை விட்டுவிட்டு வரைய ஆரம்பித்திருப்பாள். முதலில் பக்கம் முழுக்க ம, பிறகு பக்கம் முழுக்கக் கொம்பு என்று நெடுக்காக நிரப்பிக்கொண்டு போவாள். நாமும் சிறுவயதில் இந்தத் தந்திரத்தைச் செய்தவர்கள்தானே. சொல் உடைந்து சில்லுகளாகிவிடும். எஞ்சுவது விரல் வலி.

நாலரை மாதக் குழந்தை தன் பெயரின் ஒலியை மற்றப் பெயர்களின் ஒலியிலிருந்து பிரித்தறிந்து திரும்புகிறது என்று 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காதுக்கு அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது கைக்கு வர மேலும் நான்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. அதற்குக் குழந்தையின் சோம்பலைக் காரணம் சொல்ல முடியாது. பிறக்கும்போது மணிக்கட்டின் சிற்றெலும்புகள் வெறும் குருத்தெலும்புதான். அவை இறுகிக்கொண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும். கோடுகளும் ஒரு வரிசையில்தான் கைக்கு வருகின்றன. முதலில் நிற்கும் கோடு, பிறகு படுத்த கோடு, மூன்று வயதை ஒட்டி வட்டம், நான்கை ஒட்டிக் கூட்டல் குறி, அதற்கும் பிறகு சதுரம். சாய்கோடுகள் கடைசியில்.

இந்த வரிசையோடு நம் நெடுங்கணக்கை வைத்துப் பாருங்கள். வாசலிலேயே நிற்கின்றன அ, இ என்ற இரண்டு பெரிய சுழிப்புகள். ட, ப, ம எல்லாம் எங்கோ உள்ளே இருக்கின்றன. வடிவ எளிமையைப் பார்த்து ட, ப என்று தொடங்கும் ஆசிரியர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம். அந்த அக்கறையைப் பெயருக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். உமா என்ற குழந்தைக்கும் ஸ்ரீலக்ஷ்மி என்ற குழந்தைக்கும் ஒரே தேதியில் "பெயர் எழுதத் தெரியும்" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? ஆண்டுத் தொடக்கத்தில் வருகைப் பட்டியலைக் கையில் எடுத்து, யார் பெயரில் எத்தனை கொம்பு, எத்தனை சுழி, எத்தனை கிரந்த எழுத்து என்று ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் போதும். அரை மணி நேர வேலை. இன்ஷியலையும் அப்பா பெயரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, புள்ளிக்கோட்டுத் தாள்கள். இவற்றின் மேல்தான் எனக்கு உண்மையான கோபம். மகளுடைய பைக்குள் இந்த ஆண்டு வந்த தாள்களில் பெரும்பாலானவை புள்ளிகளால் அச்சிட்ட எழுத்துகள். மேலே பென்சிலை ஓட்டினால் முடிந்தது. பக்கம் அழகாக இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் காட்டவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் கையைப் பார்த்தேன். ம-வை வலது கீழ் முனையில் தொடங்கி மேலே ஏறினாள். அடுத்த ம-வை நடுவில் தொடங்கினாள். தாளில் இரண்டும் ஒரே ம. கையில் அவை வெவ்வேறு சித்திரங்கள். புள்ளிகளை எடுத்துவிட்டு வெற்றுத் தாளைக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறாள்.

2012இல் காரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னும் படிக்கத் தெரியாத குழந்தைகளை மூன்று விதமாக எழுத்துப் பழக வைத்தார்கள். புள்ளியின் துணையில்லாமல் தாங்களாகவே எழுதுவது, புள்ளிக்கோட்டின் மேல் எழுதுவது, விசைப்பலகையில் தட்டுவது. பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். வாசிப்போடு தொடர்புடைய பகுதிகள் விழித்துக்கொண்டது, தாங்களாகவே எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான். கோணல்மாணலாக எழுதினாலும் பரவாயில்லை என்பதைவிட, அந்தக் கோணல்மாணலில்தான் வேலையே நடக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

புள்ளி இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். கரும்பலகையில் ஆள் உயரத்துக்கு எழுதுங்கள். குழந்தை தோளிலிருந்து கையை வீசி எழுதட்டும். ஈர விரலால் சுவரில் எழுதட்டும், மணலில் எழுதட்டும். பென்சில் வேண்டுமென்றால் குட்டையான துண்டாகக் கொடுங்கள். துண்டுப் பென்சிலை முஷ்டியில் பிடிக்க இடமில்லை, விரல்கள் தாமாகவே மூன்றாகச் சேரும். ஒவ்வொரு முறையும் நீங்கள் முதலில் எழுதிக் காட்டுங்கள். எழுதிய பெயரைக் காட்டுவதைச் சொல்லவில்லை, பெயர் எழுதப்படுவதைக் காட்டச் சொல்கிறேன். பிறகு அந்தப் பெயரை எங்காவது உண்மையிலேயே பயன்படுத்துங்கள். அவள் வரைந்த படத்தின் மூலையில், அவள் பை மாட்டும் கொக்கியின் மேலே, வருகைப் பதிவில் அவளே எழுதும் ஒரு கட்டத்தில். தேவையிருந்தால் ஒரு முறை எழுதுவாள். இருபது முறை தேவைப்படும் பெயர் உலகத்தில் எதற்கும் கிடையாது.

இடக்கைக் குழந்தைகளைப் பற்றியும் எழுத்தைத் தலைகீழாகவும் கண்ணாடியில் தெரிவதுபோலவும் எழுதுவதைப் பற்றியும் நீங்களே நன்கு அறிவீர்கள். கையை மாற்றச் சொல்லாதீர்கள், தாளைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வையுங்கள். திருப்பி எழுதுவது இந்த வயதில் சகஜம், அதற்காகப் பெற்றோரை அவசரமாக அழைத்துப் பயமுறுத்த வேண்டாம். இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஒரு வீட்டு விஷயம். என் அம்மா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் எழுதப் பழகியவர். அவர் 'லை' எழுதினால் ல-வுக்கு முன்னால் கொம்பு நிற்காது. தலைக்கு மேல் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு ஒட்டிக்கொண்டிருக்கும். பேத்தியின் பெயரை அவர் அப்படி எழுதியதைப் பார்த்து, "பாட்டி தப்பு" என்று என் மகள் சிவப்பு க்ரேயானைத் தேடினாள். எங்கே கற்றாள் என்று சொல்ல வேண்டியதில்லை. பாட்டி, "இது பழைய லை, கண்ணு. இதுவும் உன் பேர்தான்" என்றார். அன்றிலிருந்து இவளுக்கும் துதிக்கை லைதான் பிடித்திருக்கிறது. கொம்பை எங்கே வைப்பது என்ற தொல்லையே அதில் இல்லையே!

நாளை நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அதில் பெயர் மூன்று முறைதான் இருக்கும். முதலாவதில் கொம்பு மீண்டும் இடம் மாறியிருக்கிறது, அழிக்க வேண்டாம் என்றேன். இரண்டாவது சரி. மூன்றாவதில் துதிக்கை இருக்கிறது. அதைச் சுற்றி வட்டம் போடுவதற்கு முன், யாருடைய லை என்று அவளிடம் ஒரு முறை கேளுங்கள்.

இப்படிக்கு,
இந்த மடலில் மேகலை என்று அழைக்கப்படுபவளின் அம்மா