சனிக்கிழமை இரவு சர்வர் கோப்பில் ஒரு வரி மாற்றம்

எங்கள் இணைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை இரவு, நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு, உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கப்போகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு எதுவும் அறுந்துபோகாது. ரவுட்டர் புதிதாக உள்ளே நுழையும்போதுதான் அந்தச் சர்வரிடம் கேள்வி போகும். 2 மணி முதல் 2.30 வரை ரவுட்டரை அணைக்காமல் இருந்தால் போதும்.

அந்தச் சர்வரில் நாங்கள் வைத்திருப்பது ஃப்ரீரேடியஸ் என்ற மென்பொருள். உங்கள் ரவுட்டர் இணைப்புக் கேட்டதும், உங்கள் தெரு இணைப்புகள் வந்து சேரும் எங்கள் கருவி “இவரை விடலாமா?” என்று அதனிடம் கேட்கும். “விடு”, “விடாதே” என்று பதில் வரும். இந்த ரேடியஸ் முறை 1991இல் பிறந்தது. பதில் உண்மையா என்று பார்க்க அது நம்பியிருப்பது எம்டி5 முத்திரையை, அதாவது செய்தியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு சிறு குறியீட்டை. வெவ்வேறு இரண்டு செய்திகளுக்கு ஒரே எம்டி5 முத்திரை விழ வைக்கலாம் என்று 2004லேயே காட்டிவிட்டார்கள். அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பது 2024 ஜூலையில் ‘பிளாஸ்ட்ரேடியஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. கருவிக்கும் சர்வருக்கும் நடுவே புகுந்தவர், கேள்வியில் சில எழுத்துகளைச் செருகி, “விடாதே” என்ற பதிலை “விடு” என்று மாற்றிவிடலாம். உங்கள் கடவுச்சொல் அவருக்குத் தெரியவே வேண்டாம். இதனால் அது வெளியே போவதும் இல்லை.

மருந்து ஒரே வரி. ஒவ்வொரு கேள்வியும் ‘மெசேஜ் ஆதென்டிகேட்டர்’ என்ற கூடுதல் முத்திரையோடு வரவேண்டும், வராததைத் தள்ளிவிடு என்று சர்வரிடம் சொல்வது. நடுவில் எவர் கைவைத்தாலும் அந்த முத்திரை பொருந்தாது. ஆனால் பழைய மென்பொருள் ஓடும் கருவி அதை அனுப்பாமல் போகலாம். அவசரப்பட்டால் அதன் பின்னால் இருக்கும் தெரு முழுவதும் வாசலில் நிற்கும். அதனால்தான் இத்தனை நாள் பொறுத்து, எல்லாக் கருவிகளிலும் முதலில் மென்பொருளைப் புதுப்பித்தோம்.

போன வருடம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சர்வரின் அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பைத் திருத்தும்போது ஓர் அடைப்புக்குறி விடுபட்டது. சோதிக்காமல் சர்வரை மறுபடி இயக்கினோம், அது எழவில்லை. மின்சாரம் போய் வந்த வீடுகளெல்லாம் முக்கால் மணி நேரம் இணைப்பில்லாமல் இருந்தன. தவறு முழுக்க எங்களுடையது. இம்முறை பழைய கோப்புக்கு நகல் எடுத்து, புதியதோடு வரிக்கு வரி ஒப்பிடுவோம். ஓடும் சர்வரைத் தொடாமலே கோப்பை மட்டும் படித்துப் பார்க்கும் கட்டளை ஒன்று ஃப்ரீரேடியஸில் இருக்கிறது. அது சரி என்று சொன்ன பிறகே நிறுத்துவோம். இலக்கணப் பிழையை அது பிடிக்கும், கருவியும் சர்வரும் தங்களுக்குள் வைத்திருக்கும் ரகசியச் சொல்லைத் தப்பாக எழுதியிருந்தால் பிடிக்காது. ஆகவே ஒவ்வொரு கருவி வழியாகவும் எங்கள் சொந்த இணைப்பில் ஒருமுறை நுழைந்து பார்ப்போம். ஒன்று தடுத்தாலும் பழைய கோப்பே திரும்பும்.

ஞாயிறு காலை இணைப்பு வரவில்லை என்றால், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்போதும் வராவிட்டால் பில்லில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள், 5 மணியிலிருந்து ஆள் இருப்பார். இந்த வேலையைச் சொல்லி யாராவது கடவுச்சொல் கேட்டால் கொடுக்காதீர்கள். எங்களுக்கு அது தேவையில்லை.