லொபுச்சேயில் கோடு கிழித்த தம்பிக்கு

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் என் சொந்தங்களுக்கு வணக்கம்.

எவரெஸ்ட் பக்கம் மலையேறப் போன நான் வீடு திரும்பி நான்கு நாள் ஆகிறது. நடந்ததெல்லாம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் வழியாக எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதை முழுதாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றியை மட்டும் ஆறப்போட மனம் வரவில்லை.

முதல் நன்றி, இந்த ஊரைப் பார்த்தே இராத ஒருவனுக்கு. எங்கள் சுமைகளைத் தூக்கி வந்த நேப்பாளத் தம்பி. இருபது வயதுகூட இருக்காது.

எவரெஸ்ட் போகும் வழியில் உள்ள லொபுச்சே 4,940 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். எனக்கு இரண்டு நாளாகவே தலைவலி. மாத்திரை போட்டு மறைத்தேன். சோறு இறங்கவில்லை; களைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். நடை தொடங்கும் லுக்லாவுக்குப் போகும் விமானம் தாமதமானதால், வழியில் டிங்போச்சேயில் உடல் உயரத்துக்குப் பழக ஓய்வுக்கென்று வைத்திருந்த நாளை நாங்களே வெட்டிவிட்டிருந்தோம். என்னால் எல்லாரும் திரும்ப வேண்டி வருமோ என்ற பயம் வேறு. அன்று மாலை கையுறைகளைக் கை மாற்றிப் போட்டுக்கொண்டு, காரணமே இல்லாமல் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேனாம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று தோழர்கள் நினைத்தார்கள். தம்பி அப்படி நினைக்கவில்லை.

விடுதி வாசலில் குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தான். குதிகாலைப் பெருவிரல் தொட அதன்மேல் நடக்கும்படி சைகை செய்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கள் அம்மா மேட்டிலும் பள்ளத்திலும் ரப்பர் பால்வாளி சுமந்தவள். என்னையா நடந்து காட்டச் சொல்கிறாய்?" என்று தமிழில் கத்தினேன். அவனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. பதில் பேசாமல் அவனே கோட்டின்மேல் நடந்தான். போனான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். பிறகு கையை நீட்டி "தீதி" என்றான். அவர்கள் மொழியில் அக்கா. பாண்டி ஆடக் கூப்பிடும் சின்னப் பிள்ளையைப் போல இருந்தது அவன் முகம். நடந்தேன். மூன்றாம் அடியில் சரிந்தேன். தாங்கிப் பிடிக்க அவன் கை அங்கே தயாராக இருந்தது.

மூளை வீங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. விடிந்தபின் பார்க்கலாம் என்றவர்களுக்கு வழிகாட்டி அண்ணன் இடமே கொடுக்கவில்லை. இரவோடு இரவாக இறக்கினார்கள். தம்பி தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டான். துக்லா கணவாயில், எவரெஸ்டில் உயிர்விட்டவர்களுக்கு எழுப்பிய நினைவுக் கற்கள் கைவிளக்கின் ஒளியில் ஒவ்வொன்றாக வந்து போயின. அந்த இரவில் அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. 4,371 மீட்டரில் இருக்கும் பெரிச்சேயில் ஆக்சிஜனும் மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் ஊசியும் கிடைத்தன. எந்த மருந்தும் கீழே இறங்குவதற்கு ஈடாகாது என்றார் மருத்துவர்.

எங்கள் தோட்ட லயத்தில் காய்ச்சலோடு பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போனவர்கள்தான் நல்ல பெயர் வாங்கினார்கள். வலியைச் சொல்லாதிருப்பதே பலம் என்று நானும் வளர்ந்தேன். 1997 மே 23 அன்று நம் மலேசியாவின் மகேந்திரனும் மோகன்தாசும் எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது நான் தோட்டப் பள்ளி மாணவி. அன்று முளைத்த ஆசை இது. உயர நோய் உடற்பலம் பார்த்து வருவதில்லை என்பதை இவ்வளவு தாமதமாகவா நான் அறிய வேண்டும்? 'தலை வலிக்கிறது' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், மேலே ஏறாமல் அங்கேயே தங்கியிருப்போம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. சுமை தூக்குகிறவர்களில் பலர் கீழ்மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். உயரம் நம்மைத் தாக்குவதுபோல அவர்களையும் தாக்கும். அந்தக் குளிரில் என் பையையும் சுமந்துகொண்டு, தொப்பி இல்லாமல் நடந்தவனிடம், "உனக்குத் தலை வலிக்கிறதா?" என்று அத்தனை நாளில் ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று காப்புறுதி கைவிரித்தபோது, என்னை ஏற்றி வந்த ஹெலிகாப்டரின் செலவுக்கு ஒரே நாளில் பணம் திரட்டிய முன்னாள் மாணவர்களே, சந்தைக் கடைக்காரர்களே, கோயிலில் எனக்காக விளக்கேற்றியவர்களே, அம்மாவோடு இரவெல்லாம் விழித்திருந்த பக்கத்து வீட்டு மாக்சிக்கே (மலாய் அத்தையே), உங்கள் அனைவருக்கும் கைகூப்புகிறேன். பெயர் எழுதத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஆண்டு இறுதி விடுமுறையில் நம் பிள்ளைகள் சபாவில் இருக்கும் கினபாலு மலை ஏறப் போகிறார்கள். ஏறத் தொடங்கும் திம்போஹான் வாசல் 1,866 மீட்டர். அன்று மாலையே இரவு தங்கும் பனாலாபான், 3,272. மறுநாள் விடியும் வேளையில் உச்சி, 4,095. உடல் பழகிக்கொள்ள அவகாசமே இல்லாத ஏற்றம் இது. மருத்துவர் அனுமதித்தால் பனாலாபான் வரை நானும் வருவேன். தலைவலி இருக்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளையிடமும், உடன் வரும் வழிகாட்டிகளிடமும் கேட்பேன். 'இல்லை' என்கிற பிள்ளைக்கும் ஒரு கோடு கிழிப்பேன். முதலில் நான் நடந்து காட்டுவேன்.

வழிகாட்டி அண்ணன் இதைத் தம்பிக்கு மொழிபெயர்த்துச் சொல்வதாக வாக்களித்திருக்கிறார். தம்பி, உன் தொப்பியைத் துவைத்து வைத்திருக்கிறேன். அக்டோபரில் ஈப்போவிலிருந்து ஒரு குழு அங்கே வருகிறது, அவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மா சுட்ட முறுக்கு ஒரு டின் சேர்ந்து வரும்.

அன்புடன்,
உன் தீதி