வெள்ளிக்கிழமையைக் காலியாக விடுங்கள்

ஒன்றாம் வகுப்புக்கு வாராந்திரக் கற்றல் செயல்பாடுகளை வகுத்துத் தரும் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஓர் ஈராசிரியர் பள்ளியின் இடைநிலை ஆசிரியை. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் ஒரே அறையில் என் பொறுப்பில் இருக்கின்றன. நான்கையும் ஐந்தையும் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். அவர் கூட்டத்துக்கோ வங்கிக்கோ போகிற நாளில் அந்த இரண்டு வகுப்புகளும் என்னிடம் வந்துவிடும். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே என் பாட்டைச் சொல்லி அழுவதற்காக இதை எழுதவில்லை. கேட்க வந்தது ஒன்றே ஒன்று. ஒன்றாம் வகுப்பு வாரத் திட்டத்தில் ஐந்து நாளுக்கும் செயல்பாடு எழுதாதீர்கள். திங்கள் முதல் வியாழன் வரை எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

செயல்பாடுகளே வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர்களில் ஒருத்தியாக என்னை எண்ணிவிட வேண்டாம். கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிரம்பைத் தட்டி, வகுப்பே ஒரே குரலில் ஒப்பிக்கும் முறைக்குத் திரும்ப யாருக்கும் ஆசை இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் பரவியபோது பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்த அட்டைகளும், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவரை ஒட்டிய கரும்பலகைகளும், பாயில் உட்கார்ந்த ஆசிரியரும் வந்தார்கள். அந்த முறையில் குறைகள் உண்டு. அட்டையைத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும் என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. கையில் இருக்கும் அட்டையை முடித்த பிள்ளைதான் ஏணிப்படியில் அடுத்த படிக்குப் போவாள். எவ்வளவு நாள் எடுத்தாலும் அது அவளுடைய நாள். வாரம் என்ற ஒன்று அந்த ஏணியில் எங்கும் எழுதப்படவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விழுந்த பள்ளத்தை நிரப்ப 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற மாநிலத் திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அந்த இலக்கோடு எனக்குச் சண்டை இல்லை. பிள்ளைகளை வகுப்பு எண்ணால் மட்டும் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்ததும் சரிதான். மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஒத்தாசை. பாட்டுக்கும் கதைக்கும் படிப்பதற்கும் பொம்மலாட்டத்துக்கும் அறையிலேயே இடம் ஒதுக்கியதில் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆசிரியர் கையேடும் பயனுள்ளது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர் ஒருவர் அதை வைத்துக்கொண்டே முதல் மாதத்தை ஓட்டிவிடலாம்.

இடிப்பது நாள்காட்டியில்தான். பிள்ளையை நிலை பார்த்துப் பிரித்துவிட்டு, நிலையை வாரம் பார்த்து நகர்த்துகிறோம். எல்லா வாரங்களும் ஒரே நீளம் என்று திட்டத்தாள் நினைக்கிறது. கற்பிக்கிறவர்களைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தமிழ் எழுத்துகளையே எடுத்துக்கொள்வோம். ட, ப, ம மூன்றையும் ஒரு வாரத்தில் அறிமுகப்படுத்திப் புள்ளி வைக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டால், படம், பட்டம், மடம், மட்டம் என்று பிள்ளை தானே சொல் கட்டத் தொடங்கிவிடுவாள். அது ஓடுகிற வாரம். ஆகார வரிசையும் ஏறக்குறைய அப்படித்தான். எழுத்துக்குப் பின்னால் ஒரு கால். க கா, ச சா, ப பா. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா மூன்றுக்கும் பழைய சுழியை எடுத்துவிட்டு மற்றவற்றைப் போலவே கால் போட்டது ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வேன். (துதிக்கை தூக்கிய பழைய லையைத் தாத்தாவின் நோட்டில் பார்த்துவிட்டு வந்து, அது என்ன எழுத்து என்று கேட்கும் பிள்ளைகள் இன்னும் உண்டு.) இந்த வரிசைக்கு ஐந்து நாள்கூட வேண்டாம்.

உகர வரிசைக்கு வாருங்கள். கு ஒரு மாதிரி, சு இன்னொரு மாதிரி, து வேறொரு மாதிரி. மு, ரு, டு ஆகியவை ஒரு சாடை. ணு, னு, லு ஆகியவை இன்னொரு சாடை. "இதுதான் உகரத்தின் குறி" என்று விரலால் தொட்டுக் காட்டப் பொதுவாக ஒன்றும் இல்லை. 18 எழுத்துகளையும் ஏறத்தாழ 18 புதிய படங்களாகத்தான் அந்தச் சின்னத் தலை வாங்கிக்கொள்ள வேண்டும். அது முடிவதற்குள் ஊகாரம் வந்து கூ, சூ, தூ என்று மீண்டும் கலைத்துப்போடும். கொம்பு வைத்த எழுத்துகளின் தொல்லை வேறு வகை. 'கெ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ககரம். கையோ கொம்பை முதலில் போட வேண்டும். 'கொ' எழுதும்போது ககரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கௌ வந்ததும், "டீச்சர், இதிலே இருப்பது ள தானே?" என்று முன்வரிசையில் இருந்து குரல் வரும். கேள்வியில் தவறே இல்லை; பார்க்க அப்படித்தானே இருக்கிறது. ஆகாரத்துக்குக் கொடுத்த அதே ஐந்து கட்டங்களை உகரத்துக்கும் கொம்புக்கும் கொடுத்தால், ஒன்றில் நேரம் மிஞ்சும், மற்றதில் பிள்ளை மிஞ்சிவிடுவாள்.

கணக்கிலும் இதே கதை. ஒன்று முதல் ஒன்பது வரை புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எளிதாகக் கடந்துவிடுவார்கள். பத்தைத் தாண்டுகிற இடம்தான் மலை. பதினைந்து என்று சொன்னால் காதில் பத்தும் கேட்கிறது, ஐந்தும் கேட்கிறது. கேட்டதைக் கேட்டபடி 10 எழுதி, பக்கத்தில் 5 எழுதி, 105 என்று நோட்டை நீட்டுகிற பிள்ளையை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். தர்க்கம் தெரிந்த பிள்ளை அவள்; அவளுக்குக் குறுக்குக் கோடு போட என் கை வருவதில்லை. அவளுக்குத் தேவை ஈர்க்குச்சிகள்தாம். பத்துக் குச்சியை எண்ணி ரப்பர் வளையம் போட்டுக் கட்ட வேண்டும். கட்டை ஒரு பக்கமும் உதிரி ஐந்தை இன்னொரு பக்கமும் வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கட்டைப் பிரித்து மறுபடி எண்ண வேண்டும். பெரியவர்களுக்குச் சலிப்புத் தட்டும் அளவுக்கு அவள் அதைக் கட்டிப் பிரிப்பாள். திட்டத்தில் அதற்கு ஒரு நாள் இருக்கும். மறுநாள் கூட்டல் வந்துவிடும்.

யார் எந்த வாரத்தில் வகுப்புக்குள் வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஜூனில் சேர்கிறவர்களிலேயே அங்கன்வாடியில் பழகி வந்தவர்கள் உண்டு, தாயின் சேலைத் தலைப்பை முதன்முதலாக அன்றுதான் விட்டவர்களும் உண்டு. விஜயதசமி அன்று பெற்றோர் அழைத்துவந்து சேர்க்கும் பிள்ளை அரிசியில் அகரம் எழுதிவிட்டு உள்ளே வரும்போது, திட்டத்தாள் இரண்டாம் பருவத்துக்குள் போயிருக்கும். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்தோடு கிளம்புகிற பிள்ளைகள் சில ஊர்களில் உண்டு. அவர்கள் திரும்பி வரும்போது எந்த வாரத்தில் உட்கார வைப்பது? ஊர்த் திருவிழாவில் இரவெல்லாம் கூத்துப் பார்த்துவிட்டு வந்து மறுநாள் சுவரில் சாய்ந்து தூங்குகிறவனுக்கு அந்த நாளின் செயல்பாடு நடக்கவே இல்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் அவன் வந்திருக்கிறான். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு வெறும் வயிற்றோடு முதல் மணியிலேயே சோர்ந்து விழுகிறவர்கள் என் அறையில் குறைந்திருக்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்லது நடந்தால் சொல்ல வேண்டும்.

வார இறுதி மதிப்பீடு பற்றி இரண்டு வார்த்தை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் சரியாகச் சொன்ன பிள்ளை திங்கட்கிழமை காலையில் திருதிருவென்று விழிப்பது ஐந்து வயதின் இயல்பு. அந்த வாரம் நடத்தியதை அந்த வாரமே கேட்டால், நேற்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறதா என்பதுதான் தெரியவரும். மூன்று வாரம் கழித்துக் கேளுங்கள், கற்றிருக்கிறாளா என்பது தெரிந்துவிடும். அலைபேசிச் செயலியில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு வைத்துக் கேட்பதற்கு ஒருவருக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், 18 பேருக்கு 54 நிமிடம். அந்த 54 நிமிடமும் மற்ற 17 பேர் என்ன செய்வார்கள் என்பதற்குக் கையேட்டில் பதில் உண்டு: குழுவாகச் செயல்பாட்டில் ஈடுபடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் 17 பேர் ஆசிரியர் கண் படாமல் குழுவாகச் செயல்பாட்டில் ஈடுபடும் அறையை உங்களில் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

புகைப்படம் எடுத்து அனுப்புவது இன்னும் வேடிக்கை. களிமண்ணில் எழுத்து உருட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை, "இப்படித் திரும்புங்கள், கையை மேலே காட்டுங்கள்" என்று நிறுத்திவைத்து எடுக்கிறோம். படம் நன்றாக வந்துவிடும். எழுத்து பாதியில் நின்றிருக்கும்.

சரி, வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டால் பாடம் முடியுமா என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். நானும் போட்டுப் பார்த்தேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம் என்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 40 வாரங்கள். வாரம் ஒரு நாளை ஒதுக்கினால் 40 நாள், 160 மணி நேரம். பார்க்கப் பெரிய தொகைதான். ஆனால் அந்த 160 மணி நேரமும் இப்போது மட்டும் எங்கே போகிறது? உகரம் தெரியாமல் ஊகாரத்துக்குத் தள்ளப்பட்ட பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதில் போகிறது. நான்காம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்களுக்கென்று தனியாக நடத்தும் சிறப்புப் பயிற்சியில் போகிறது. முன்னால் செலவழித்தால் 160, பின்னால் செலவழித்தால் அதைவிடக் கூடுதல். பின்னால் செலவழிக்கும்போது, தனக்குப் படிப்பு வராது என்ற நினைப்பையும் பிள்ளை சேர்த்துச் சுமந்துகொண்டு வருகிறாள்.

அந்த வெள்ளிக்கிழமையில் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். வாரத்தில் நழுவியது நடக்கும். திங்களும் செவ்வாயும் காய்ச்சலில் கிடந்தவன் குச்சிக் கட்டைக் கட்டுவான். கொம்பு புரிந்துவிட்டவள் புரியாதவனுக்கு மணலில் எழுதிக் காட்டுவாள். அதில் இருவருக்கும் பாடம். பிள்ளைகள் எதைக் கேட்கிறார்களோ அந்தக் கதையை மறுபடி சொல்லுவேன். திட்டத்தில் வாரம் ஒரு புதுக் கதை இருக்கிறது. பிள்ளைகளுக்கோ அதே நரி, அதே காக்கை, அதே இடத்தில் அதே குரல் வேண்டும். நான் ஒரு வரியை விட்டுவிட்டால் உடனே பிடித்துவிடுவார்கள். முதல் தடவை கேட்டது கதை. பத்தாவது தடவை கேட்கும்போதுதான் சொற்கள் அவர்களுடையவை ஆகின்றன. சில வெள்ளிக்கிழமைகளில் வேப்பமரத்தடிக்குப் போய் எறும்பு போகிற பாதையைப் பார்த்துவிட்டு வருவோம். பாடம் ஓடுகிற வாரமாக இருந்தால் திங்கட்கிழமைச் செயல்பாட்டை வெள்ளியன்றே தொடங்கிவிடவும் தடை ஏதும் இல்லை.

ஆசிரியர்களை நம்பி ஒரு நாளை விட்டால் சும்மா உட்கார்ந்துவிடுவார்களே என்ற அச்சம் உங்கள் மேசையில் இருக்கும். சிலர் உட்காரத்தான் செய்வார்கள். அவர்கள் மற்ற நான்கு நாளும் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு சிலரைக் கட்டிப்போடுவதற்காக எல்லோருடைய ஐந்து கட்டங்களையும் நிரப்பிவைத்தால், அந்தச் சிலர் நிரப்பிய கட்டத்துக்குள்ளும் சும்மா இருக்கும் வழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாட்டிக்கொள்வது வேலை செய்கிறவர்கள்தாம்.

முழு மாநிலத்துக்கும் உடனே வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு பருவத்துக்கு, ஒரு சில ஒன்றியங்களில், ஈராசிரியர் பள்ளிகளில் மட்டும் செய்து பாருங்கள். பருவ இறுதியில் அந்தப் பள்ளிகளுக்குப் போய் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்து வரிசைகளில் எவை வேகமாகப் போகின்றன, எவை நிற்கின்றன என்பதை ஒன்றாம் வகுப்பில் பழம் தின்று கொட்டை போட்ட ஆசிரியர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் எங்களுக்குக் காட்டுகிற படக்காட்சிகளில் இரண்டைக் குறைத்தால் அதற்கு நேரம் கிடைத்துவிடும்.

இதற்கு நீங்கள் சம்மதித்தால் இன்னொரு விண்ணப்பம் இருக்கிறது. காலியாக விட்ட வெள்ளிக்கிழமையில் என்ன செய்தோம் என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்