சைவமும் ஒரு அறிகுறியாம்!

ஏற்காடு
ஞாயிற்றுக்கிழமை

அடி விஜி,

ஏழு மாதமாகக் கடிதம் போடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். உன் வாட்ஸாப் ரோஜாப்பூக்களுக்குப் பதில் போடாததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இங்கே அத்தைக்கு முழங்கால் தகராறு. மிளகு பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று நான் வந்து பத்து நாளாகிறது. சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிறவர்கள் கேட்கிற கூலியைச் சொன்னால் உனக்குத் தலை சுற்றும். சரி, அது கிடக்கட்டும்.

ஒரு படம் பார்த்தேன். 'பட் ஐயம் எ சியர்லீடர்', ஜேமி பாபிட் எடுத்தது, 1999-ல் வந்தது. மேகன் என்று ஒரு பள்ளிக்கூடப் பெண். பையன் முத்தம் கொடுத்தால் கடனே என்று நிற்கிறாள், லாக்கரில் பெண்கள் படம் ஒட்டியிருக்கிறாள், போதாக்குறைக்குச் சைவம். இவள் 'அந்த மாதிரி', பெண்களைத்தான் பிடிக்கும் என்று வீட்டில் முடிவுகட்டி, திருத்துவதற்கு இரண்டு மாத முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சைவம் ஒரு அறிகுறி என்றால் முதலில் அக்ரஹாரத்தில் யாரடி மிஞ்சுவார்கள்?

முகாமில் பெண்களுக்கு எல்லாமே ரோஸ், பையன்களுக்கு எல்லாமே நீலம். இவர்கள் தரை துடைத்துப் பழக வேண்டும், அவர்கள் கார் ரிப்பேர். பெண் வேடத்துக்கே பேர்போன ருபால்தான் அங்கே 'திருந்திய' ஆம்பளையாக வந்து பையன்களுக்குப் பாடம் எடுக்கிறார்! அப்புறம், தனக்கு 'இது' வந்ததற்கு மூலகாரணத்தை ஒவ்வொருத்தரும் சொல்லியாக வேண்டும். ஒருத்தி சொல்கிறாள்: எங்கம்மா கல்யாணத்தன்றைக்குப் பேன்ட் போட்டிருந்தாள். தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்று உனக்குத் தெரியும். அதே 1999, மே மாதம். ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த கடிதம் அப்பா கையில் சிக்கியது, அந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே மாத்திரை எழுதியது, 20 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தியெடுத்துக்கொண்டே நான் இங்கே வந்து இறங்கியது. ஊரே கோடை விழாவுக்கு வந்திருந்தது. நான் திருந்த வந்திருந்தேன். புள்ளிக் கோலம், மிளகு ரசம், புடவைக் கொசுவம். அத்தை கொடுத்த தாவணியும் ரோஸ்தான், சத்தியமாக!

என் சிரிப்புச் சத்தத்தில் எழுந்த அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இங்கிலீஷ் புரியவில்லை. தரை துடைக்கிற காட்சி புரிந்தது.

"நானும் உனக்கு இதைத்தானே செஞ்சேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பன் அனுப்பிட்டான். மாட்டேன்னு சொல்லியிருந்தா, என்னையும் டீச்சரையும் பத்தி யோசிக்க ஆரம்பிச்சிருவானோன்னு பயம்."

ரோஸி டீச்சரடி! முப்பத்தொரு வருஷம் ஒரே வீடு, ஒரே காப்பி ஃபில்டர். 'துணைக்கு இருக்காங்க' என்று குடும்பமே சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். எல்லாரையும் விடு, நான் எப்படிக் கண்டுபிடிக்காமல் போனேன்? டீச்சர் செத்தபோது அத்தையைத் துக்கம் விசாரிக்கக்கூட நமக்குத் தோன்றவில்லையே. பந்தியில் யார் பரிமாறுவது என்று அவரையே கேட்டோம்.

இதையெல்லாம் வைத்துக் காமெடி எடுக்கலாமா என்று போனில் முறைத்தாயே. 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டறிந்துவிட்டு, இப்படி 'மாற்றுகிற' சிகிச்சையே கூடாது என்று உத்தரவு போட்டார். நான் அழுதுகொண்டே படித்த உத்தரவு அது. அத்தைக்கும் அப்போதே வாசித்துக் காட்டினேன். 'நல்ல மனுசன்' என்று சொல்லிவிட்டு மிளகு காயவைக்கப் போய்விட்டார். அவர் வாயைத் திறக்க வைத்தது இந்தக் காமெடிதானடி.

நேற்றிலிருந்து படத்தை மறுபடி போடு என்கிறார். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டுமாம். முத்தக் காட்சி வந்தால் எனக்கு வாய் வராது. நீ கிளம்பி வா. சட்னி தடவிய தட்டுவடை செட் வேண்டாம், மலை ஏறுவதற்குள் நமத்துவிடும். வெறும் தட்டுவடை கொண்டு வா.

கலா